உப்பில்லா உலையும் எயிற்பட்டினத்து வழியும்

'செலவு' என்னும் சொல் இன்று கைப்பொருள் கரைவதையே நமக்கு நினைவூட்டுகிறது. பழந்தமிழர்க்கோ அது பயணத்தின் பெயர். பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன், தலைவியின் வாட்டங் கண்டு தன் புறப்பாட்டைத் தள்ளிவைப்பதைச் 'செலவழுங்குதல்' என்றனர் அகப்பொருள் நூலார். இருபதாம் நூற்றாண்டில் பாரதிதாசன், சென்னையிலிருந்து கால்வாய்த் தோணியேறி மாமல்லபுரம் சென்றதைப் பாடியபோது, அப்பாட்டிற்கு 'மாவலிபுரச் செலவு' எனப் பெயரிட்டு அப்பழஞ்சொல்லை மீட்டளித்தார். நம் மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டிச் சென்ற மாசித் திங்களில் நாம் மேற்கொண்ட பயணமும் ஒரு செலவே. சொல்லின் இரு பொருளிலும் அது செலவு என்பதை நம் பொருளாளர் நன்கறிவார்.

எழுமலை கடல் காணா ஊர். மேற்கே மலையும் கிழக்கே மானாவாரி நிலமுமாக, குறிஞ்சியும் முல்லையும் கைகோத்து, கோடையிற் பாலையாகத் திரியும் நிலம் நம்முடையது. நெய்தலை நாம் நூலில் மட்டுமே கற்றோம். புன்னை நிழலும், அலவன் ஓடும் மணலும், பரதவர் வலையுணங்கலும் நமக்கு உரையாசிரியர் வழி வந்த காட்சிகளே. ஆதலின், சென்னைக்குத் தெற்கே கடலோரப் பெருவழியில் ஊர்ந்து, ஆங்காங்கே இறங்கிக் கண்டு, மரக்காணத்தில் மேற்கே திரும்பித் திண்டிவனம் வழியே ஊர் சேர்வதென முடிவாயிற்று. அவ்வழி, சிறுபாணாற்றுப்படை காட்டும் வழியோடு பெரும்பகுதி ஒத்துச் செல்வது. அப்பாட்டைப் பதினைந்து ஆண்டுகளாக வகுப்பறையில் நடத்திவரும் எனக்கு வழிகாட்டும் பொறுப்பு அளிக்கப்பெற்றது. அப்பொறுப்பை நான் எவ்வாறு நிறைவேற்றினேன் என்பதையும் இக்கட்டுரையில் மறைக்காது எழுதுகிறேன்.

பந்தயக் களம்

இளைய உறுப்பினர்தம் விருப்பிற்கிணங்க முதல் நாள் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்குச் சென்றோம். ஆங்குள்ள சீருந்துப் பந்தயக் களத்தைக் காண்பது அவர்தம் நெடுநாள் ஆவல். இராமானுசர் பிறந்த ஊருக்கு அருகில் இப்படியொரு களமா என வியந்தவர் நம்மிற் பலர்.

இக்களத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. சென்னையில் குதிரைப் பந்தயம் 1777ஆம் ஆண்டிலேயே கிண்டியில் வேரூன்றிவிட்டது. அதன் பந்தயச் சூதைத் தமிழக அரசு 1974இல் சட்டமியற்றித் தடுத்தது. அது திறமைசார்ந்த விளையாட்டே என 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குத்தகை நிலுவை வழக்கின் முடிவில் 2024இல் அந்நிலத்தை அரசே மீட்டுக்கொண்டது. சீருந்துப் பந்தயத்தின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரின்போது சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் ஒரு விமானத்தளம் அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அதன் ஓடுபாதை வெறிதே கிடந்தது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அப்பாதையைப் பந்தயத்திற்குப் பயன்கொண்டனர். போருக்கெனப் போட்ட பாதை விளையாட்டிற்கு உதவியது நல்லதொரு மாற்றமே. பின்னர் அக்கழகத்தாரே தமக்கெனச் சொந்தமாக அமைத்த களம் இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறக்கப்பெற்றது. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் உடையது அது. 2005இல் நரேன் கார்த்திகேயனும் 2010இல் கருண் சந்தோக்கும் பார்முலா 1 எனப்படும் உலகப் பந்தயத்துள் நுழைந்தனர்; இவ்விருவரும் தமிழ்நாட்டவர் என்பது நமக்குப் பெருமையே.

நாங்கள் சென்ற அன்று போட்டி இல்லை; பயிற்சி ஓட்டம் மட்டுமே நடந்தது. வண்டி வருவதற்கு முன் அதன் ஓசை வருகிறது. வண்டி கண்ணிற் படுமுன் மறைகிறது. சிறிது பொழுதில் அதே வண்டி அதே இடத்திற்கு மீண்டும் வருகிறது. ஓட்டுநரின் கூர்மையும் துணிவும் போற்றத்தக்கன. இளைஞர்கள் கைதட்டி மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன். எனினும் புலவர் கூட்டம் எங்குச் சென்றாலும் பாட்டை உடன்கொண்டு செல்வது இயல்பு. நம் மூத்த கவிஞர் ஒருவர், "இந்த ஓசையைக் கேட்டால் குறுங்குடி மருதனார் என்ன சொல்வார்?" என வினவினார்.

அகநானூற்றின் நான்காம் பாட்டைக் கருதி அவர் அவ்வாறு வினவினார். வினைமுடித்து மீளும் தலைவன் விரைந்து வர விரும்புகிறான். ஆயினும் தேன் உண்ணும் வண்டினம் மருளுமே என அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். விரைவு தமிழர்க்குப் பகையன்று. முல்லைத் தலைவன் பாகனை 'விரைந்து செலுத்துக' என வேண்டாத பாட்டுகள் குறைவே. ஆனால் அவ்விரைவு ஒருத்தி காத்திருக்கும் இல்லத்தை நோக்கியது; வழியில் உள்ள சிற்றுயிரையும் எண்ணிப் பார்ப்பது. பந்தயக் களமோ புறப்பட்ட இடத்திற்கே திரும்பும் வழி. அதில் ஊர் இல்லை, உறவு இல்லை, அளக்கப்படுவது பொழுது ஒன்றே. இது குறையன்று; அக்களத்தின் இலக்கணமே அஃதுதான். ஊர்களின் ஊடே செல்லும் பெருவழியிலும் நாம் அவ்விலக்கணத்தையே கைக்கொண்டால் என்ன நேரும் என்பதை மறுநாள் அறிந்தோம்.

கடலோரப் பெருவழி

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை என வழங்கும் பெருவழியின் சென்னை–புதுச்சேரிப் பகுதி, மீனவச் சிற்றூர்களுக்கிடையே துண்டு துண்டாகக் கிடந்த பாதைகளை 1990களில் இணைத்தும் அகலப்படுத்தியும் உருவாக்கப்பட்டது. 2002 முதல் அதிற் சுங்கம் தண்டப்படுகிறது. வழிச்சுங்கம் நமக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படை, மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்தையும் உல்கு கொள்ளும் பெருவழியையும் காட்டுகிறது.

இவ்வழிக்கு இணையாக ஒரு நீர்வழியும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய உப்புநீர்க் கால்வாய், சிறிது சிறிதாகத் தெற்கே நீண்டு மரக்காணம் வரை வந்தது. 1877–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தின்போது, கூலிக்கு வழியற்ற மக்கள் இதன் வெட்டுவேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். அக்காலத்து ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. பசித்த மக்கள் வெட்டிய கால்வாய்க்கு, பசியறியா ஒருவர் பெயர் நிலைத்தது. பாரதிதாசன் தோணியேறிச் சென்றது இக்கால்வாயிலேதான்.

கோவளத்தில் முதன்முறையாகக் கடலிற் கால் நனைத்தோம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர் போட்டியிட்ட துறை அது. ஆங்கிருந்த கோட்டையைக் கிளைவ் 1752இல் கைப்பற்றினார். நம் மன்றத்துப் பெண் உறுப்பினர் ஒருவர் அறுபது அகவை கடந்தவர். கடலை முதன்முதலாகக் கண்டவர். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "இவ்வளவு தண்ணி இருந்தும் வயலுக்கு ஆகாதே" என்றார். மானாவாரி நிலத்தார் சொல்லக்கூடிய சொல் அதுவே.

அடுத்துச் சாளுவன்குப்பம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கடற்கரை நெடுக உயிர்களைக் கொண்டது. அவ்வலை மணலை அரித்தபோது இங்குள்ள பாறையொன்றில் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவற்றைத் துணையாகக் கொண்டு தொல்லியல் துறையினர் 2005இல் அகழ்ந்தபோது, வடக்கு நோக்கிய முருகன் கோயிலொன்றின் அடித்தளம் கிடைத்தது. பல்லவர் கட்டிய கோயிலின் கீழே அதற்கும் முற்பட்ட செங்கற் கோயிலின் பகுதிகள் காணப்பட்டன. வாயிலின் முன் கல்லாலான வேலும் உண்டு. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் கடல்கோள் பற்றிப் பேசுவதைக் கற்றவர் நாம். கொள்ளும் கடல் சிலபொழுது கொடுக்கவும் செய்கிறது. ஆயினும் அது கொடுத்ததற்கு ஈடாகக் கொண்டவை எத்தனை குடும்பங்கள் என்பதை எண்ணாமல் அக்கோயிலை வியக்க மனம் வரவில்லை.

மாமல்லபுரத்தில் ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் மேல்தளத்தில் நின்றோம். அப்பல்லவர் கோயில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது. பெரும்பாணாற்றுப்படை பாடும் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் இதுவே எனக் கருதும் அறிஞர் உளர். ஏணி சார்த்தியும் ஏறற்கரிய உயர்மாடத்தில் இரவில் எரியும் விளக்கு கலங்களை அழைக்கும் காட்சி அப்பாட்டில் உண்டு. சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கோட்டையின் செங்கற் சுவர்களைக் கண்டோம். நம் நெசவாளர் நெய்த மென்றுகில் கடல்கடந்து சென்ற துறை அது. 1781இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதனை அடுத்துக் கல்பாக்கத்தின் அணுமின் நிலையம் எழுந்து நிற்கிறது.

தவறவிட்ட ஊர்

பாலாற்றைக் கடந்ததும் சாலை நேரானது, வண்டி விரைந்தது. நண்பகலுக்குள் மரக்காணம் சேர வேண்டும் என்பது என் திட்டம். வண்டிக்குள் சிறுபாணாற்றுப்படையின் ஆசிரியரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய அப்பாட்டு 269 அடிகளை உடையது. ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது ஓட்டுநர் வண்டியை மெல்ல ஓரங்கட்டினார்.

"டீச்சர், நீங்க இப்ப சொன்ன ஊர் பேரு போட்ட போர்டு இப்பத்தான் பின்னாடி போச்சு. இடைக்கழிநாடுன்னு இருந்துச்சு. அது வேற ஊரா?"

வேற்றூர் அன்று, அதுவேதான். முனைவர் பட்டம் பெற்றவள், பதினைந்து ஆண்டுகள் அப்பாட்டை நடத்தியவள், அப்புலவரின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே அவர் மண்ணைக் கடந்து சென்றேன். இடைக்கழிநாடு என்பது நூலில் உள்ள ஒரு பெயர் என்றே என் மனம் பழகிவிட்டது. அதில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர், அதற்குப் பேரூராட்சி உண்டு, சாலையோரத்திற் பெயர்ப்பலகை உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பெயர்ப்பலகையைப் படித்தவர் ஓட்டுநர். வண்டிக்குள் யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வண்டியைத் திருப்பினோம். இறங்கி நின்றபோது ஊர்ப்பெயரின் பொருள் தானே விளங்கிற்று. கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி, இடையே நீண்டு கிடக்கும் மணல்நிலம். கழிகளுக்கு இடைப்பட்ட நாடு இடைக்கழிநாடு. எத்தனை உரை படித்தும் இத்தனை தெளிவாக இப்பெயர் எனக்கு விளங்கியதில்லை.

அங்கிருந்த ஒரு பெரியவர் வழிகாட்ட, எங்கள் திட்டத்தில் இல்லாத ஆலம்பரைக் கோட்டையையும் கண்டோம். கடப்பாக்கத்தை அடுத்துக் கழிமுகத்தில் நிற்கும் அக்கோட்டை முகலாயர் ஆட்சிக்காலத்தது. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. எஞ்சிய சுவர்களுள் சில 2004ஆம் ஆண்டுப் பேரலையால் மேலும் சிதைந்தன. செங்கல்லும் சுண்ணமும் மணலிற் புதைந்து கிடக்கின்றன. கோட்டைக்காவது இடிந்த சுவர் உண்டு. நத்தத்தனாருக்கு அப்பாட்டொன்றே சான்று. அதனைக் கற்றவர்களே கடந்து போவாராயின் அச்சான்றும் எதற்கு?

உப்பு

மரக்காணமே சங்ககாலத்து எயிற்பட்டினம் என்பது அறிஞர் பலரும் கொள்ளும் கருத்து. கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'பெரிப்புளூஸ்' என்னும் கடல்வழிக் கையேடு இக்கரையில் மூன்று துறைகளைக் குறிக்கிறது. அவற்றுள் பொதுகே என்பது 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டையும் புதுச்சேரியையும் சார்ந்தது என்பர். சோபட்மா என்பது சோபட்டினம் என்பர். 'சோ' என்பதற்கும் 'எயில்' என்பதற்கும் மதில் என்பதே பொருளாதலின், சோபட்டினமும் எயிற்பட்டினமும் ஒன்றென்பது அவர்தம் முடிபு. பாணன் சென்ற பாதையை ஆராய்ந்த மயிலை சீனி. வேங்கடசாமியார் தம் கட்டுரைக்குச் 'சிறுபாணன் சென்ற பெருவழி' என்றே பெயரிட்டார்.

இப்பாட்டில் வரும் பாணனின் வறுமை நாம் அறிந்ததே. கூரை சிதைந்த அடுக்களையில் நாய் ஈன்று கிடக்கிறது. சுவரிற் காளான் பூத்துள்ளது. அவன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள்; பிறர் காணாதவாறு கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் கதவை அடைத்த அந்நாணத்தையே நான் விளக்கி வந்தேன். உப்பின்மையைக் கீரையோடு சேர்த்து ஒரு வறுமைக் குறிப்பாகக் கடந்து விடுவேன்.

மரக்காணத்தில் சாலையின் ஓரத்தே உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. பாத்திகளில் நீர் தேங்கி வெயிலைத் திருப்பி வீசுகிறது. வரப்புகளில் உப்பு வெள்ளைக் குவியல்களாக நிற்கிறது. பெண்கள் தலைச்சுமையாக அதனைச் சுமந்து செல்கின்றனர். அக்காட்சியின் முன்தான் எனக்கு அவ்வுப்பில்லாக் கீரை நினைவிற்கு வந்தது. உப்பின்றி உண்ட குடும்பத்தை ஆற்றுப்படுத்துகையில், புலவர் காட்டும் முதல் ஊர் கடற்கரைப் பட்டினம். நத்தத்தனார் இதனைக் கருதியே பாடினார் எனச் சொல்ல நான் துணியவில்லை. எயிற்பட்டினப் பகுதியில் உப்பளம் பாடப்படவும் இல்லை. ஆயினும் கழிகளுக்கு நடுவே பிறந்து உப்போடு வளர்ந்த ஒருவருக்கு, வறுமையின் எல்லை உப்பின்மையாகத் தோன்றியது இயல்பன்றோ? புலவரின் ஊரைக் காணாதவர்க்கு அவர் சொல்லின் சுவையும் முழுதாகக் கிட்டாது.

ஆற்றுப்படையின் நெஞ்சு உணவே. எயிற்பட்டினத்தில் பரதவர், நுளைமகள் அரித்த தேறலோடு சுட்ட உலர்குழல் மீனைத் தருவர். அலை ஒதுக்கிய மணமரங்கள் ஒட்டகம் படுத்துறங்கினாற்போல் கிடக்க, அவற்றை விறகாக எரிப்பர். வேலூரில் எயிற்றியர் புளிச்சோற்றை ஆமான் சூட்டிறைச்சியோடு இடுவர். ஆமூரில் உழவர்மகள் வெண்சோற்றை நண்டுக்கறியோடு அளிப்பாள். இம்மூன்று ஊர்களிலும் உண்ட பின்னரே பாணன் நல்லியக்கோடனின் கிடங்கிலை அடைகிறான். பாரி முதலிய எழுவர் சுமந்த ஈகையை ஒருவனாகச் சுமப்பவன் எனப் பாராட்டப்படும் வள்ளலின் வாயிலுக்கு முன், பெயர் அறியப்படாத மூன்று அடுப்புகளைப் புலவர் நிறுத்தியுள்ளார். வள்ளலைப் பாடிய பாட்டு என்றே நாம் இதனைக் கற்பிக்கிறோம். வழியில் இருந்தவர்களைப் பாடிய பாட்டு என்றும் கற்பித்தல் வேண்டும்.

எங்களுக்கும் ஓர் அடுப்பு வாய்த்தது. சாலையோர உணவுக்கடையொன்றில் பரிமாறிய அம்மையார், நாங்கள் மதுரைப் பக்கத்தவர் என அறிந்ததும் வறுத்த கருவாட்டை இன்னொரு முறை கொண்டுவந்தார். "உங்க ஊர்ல கடலு இல்லியே, நல்லா சாப்பிடும்மா. இதுக்குக் காசு இல்ல" என்றார். பேரலை வந்த நாளைப் பற்றி நாங்கள் கேட்டோம். "அத அப்புறம் பேசலாம், முதல்ல சாப்பிடுங்க" என்றார். பின்னர் அவர் பேசவில்லை. நாங்களும் மீண்டும் கேட்கவில்லை.

கிடங்கில்

மாலையில் திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கலை அடைந்தோம். கோட்டையின் எச்சங்களும் வீடுகளும் இன்று ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. தமிழ் நிலைத்த மதுரைகூட நல்லியக்கோடனின் கொடைமுன் சிறிதே என இப்பாட்டு கூறுவதை நம் மூத்த கவிஞர் அங்கு நினைவூட்டினார். மதுரைக்காரர் நால்வர் அதற்கு மறுப்புரைத்தனர்; வண்டியில் ஏறும்வரை அவ்வழக்கு நீடித்தது.

ஆற்றுப்படை என்பது யாது? பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது. பெற்றதைத் தனக்கென வைத்துக்கொண்டு வழியை மறைப்பவன் பாணன் ஆகான். பெருவழிகள் அகலுகின்றன, அகலட்டும். நோயுற்றவருக்கும் வேலை தேடுவோருக்கும் அவை தேவை. ஆனால் அவ்வழியில் உள்ள ஊர்களைச் சொல்லுவார் இல்லையெனில், அகன்ற பெருவழியும் பந்தயக் களமாகிவிடும்.

ஆதலின் மன்றத்தார்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். கடற்கரையின் உப்பு ஒரு காலத்தில் உமணரின் வண்டிகளில் உள்நாடெங்கும் வந்தது. நம் எழுமலைக்கு உப்பு வண்டி எவ்வழியாக வந்தது? எங்கு மாடு அவிழ்த்தனர்? எந்த ஊரணியில் நீர் உண்டனர்? யார் சோறிட்டனர்? இவற்றைக் கேள்விப்பட்ட முதியோர் சிலர் நம் தெருக்களில் இன்னும் இருக்கக்கூடும். பதினோராம் ஆண்டில், திங்கள்தோறும் ஒருவர் ஒரு முதியவரிடம் அமர்ந்து கேட்டு எழுதுவோம். அடுத்த மலர் நம் ஊரின் ஆற்றுப்படையாக அமையட்டும். முதல் ஏட்டை நான் எழுதித் தருகிறேன். அதற்கு முன், எழுமலைக்குள் நுழையும் வழியிலுள்ள பெயர்ப்பலகைகள் அனைத்தையும் ஒருமுறை இறங்கி நின்று படிக்க எண்ணியுள்ளேன்.